சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆமென்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் ஞாயிற்றுப் பள்ளியில் எதிரி இல்லாத ஒரே பிள்ளை நான்தான். அது எவ்வளவு பெரிய அவமானம் என்று அங்கே படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பசறையிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு சிறிய சபை இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பதுளையிலிருந்து போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்களை மேய்த்தவர் ஓர் அக்கா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் அவருக்கு வேலை. அத்தனை அழுகைகளையும் அடக்கிப் பழகியவர் என்பதால் அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓர் ஏற்பாடு செய்தார். நம்மை நேசிப்பவர்களுக்காக எல்லாரும்தான் ஜெபிக்கிறார்கள், அதில் என்ன பெருமை என்று கேட்டார். ஆளுக்கோர் எதிரியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், ஈஸ்டர் வரைக்கும் தினமும் அவருக்காகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும், முடிந்தால் ஒரு நன்மையும் செய்ய வேண்டும் என்றார். பிள்ளைகள் எல்லாரும் எதிரிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒருத்திக்குக் கணக்கு வாத்தியார். ஒருவனுக்கு அவனுடைய பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய மேல் லயத்துப் பையன். இன்னொருவன் உர ஸ்டோருக்குக் காவல் இருந்த நாயைச் சொன்னான். நாயெல்லாம் கூடாது என்று அக்கா மறுத்தார். அவன் அந்த நாயிடம் கடி வாங்கிய தழும்பைக் காட்டி வாதாடினான். என் முறை வந்தபோது நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு. வீட்டுல கேட்டாவது அடுத்த கெழம சொல்லு," என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அம்மா, நமக்கு யாரும்மா எதிரி?"

அம்மா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "நமக்கு யாருடி எதிரி? நாம யாருக்கு என்னா கெடுதல் செஞ்சோம்?" என்றாள். அந்த நேரம் பார்த்து நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமினார். அம்மா சட்டி மூடியை எடுத்து, வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்தாள். ஆனால் அந்தச் சத்தத்தில் கோழி எழுந்து வெளியே ஓடியது. எனக்கு எதிரி கிடைத்துவிட்டார்.

லயத்தில் எதிரியாக இருப்பது லேசான காரியமில்லை. ஒரே நீளக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் திண்ணை மாதிரி ஆளுக்குக் கொஞ்சம் இஸ்தோப்பு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே கைநீளத்துக்கு வெறும் இருட்டு. அந்த வழியாக இருமல் வரும், தாளித்த வாசனை வரும், ரேடியோ வரும். பெரியப்பா எந்தக் காலில் செருப்பை முதலில் கழற்றுகிறார் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். பேச்சு மட்டும்தான் வராது. அவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெரியம்மா செத்துப்போய், மகளும் பண்டாரவளையில் கட்டிக்கொண்டு போய்விட்டதால், தனியாக ஆக்கித் தின்றுகொண்டிருந்தார்.

பகைக்குக் காரணம் ஒரு குசினி. எனக்கு நினைவு தெரியாத நாளில் அம்மா காம்பராவுக்குப் பின்னால் மண்சுவர் எழுப்பி, தகரம் போட்டு, தனக்கென்று ஒரு குசினி கட்டினாள். ஆற்றிலிருந்து கல்லெல்லாம் அவளே சுமந்தாளாம். சுவர் காய்ந்து அடுப்பு வைத்துச் சில மாதம்கூட ஆகவில்லை, பெரியப்பா ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார். அனுமதியில்லாமல் கட்டியது என்று தோட்டத்து ஆட்கள் வந்து இடித்துத் தள்ளினார்கள். அன்றிலிருந்து நாங்கள் படுப்பதும் படிப்பதும் சமைப்பதும் ஒரே காம்பராவில். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை நாங்கள் மிலாறு என்போம், அதுதான் விறகு. ஈர மிலாறை ஊதி ஊதி அம்மாவுக்கு இழுப்பு வந்தது. இழுப்பு வரும்போதெல்லாம் அவள் அந்தச் சுவரைப் பார்ப்பாள்.

அப்பாவின் நிலைமைதான் பாவம். பெக்டரியில் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. அங்கே "அண்ணே, அண்ணே" என்று நன்றாகப் பேசுவார். லயத்துப் படியில் கால் வைத்ததும் வாய் மூடிக்கொள்ளும். இந்த வித்தையை அவர் எங்கே கற்றாரோ தெரியாது, ஒரு நாளும் தவறியதில்லை.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். முணுமுணுத்தால் ஜெபத்தில் சேராது. முதல் நாள் நான் வழக்கம்போலக் கதவோரத்தில் முழங்கால் போட்டு ஆரம்பித்தேன். பெரியப்பாவை மன்னியும் என்று மட்டும் சொன்னால் எதற்கு என்று ஆண்டவர் குழம்பிப்போவாரே என்று, விவரமாகவே சொன்னேன். எங்கள் குசினியை இடிக்க வைத்ததை மன்னியும். எங்கள் கொய்யா மரத்தில் அவர் பக்கம் சாய்ந்த கிளையை வெட்டியதை மன்னியும். அப்பா ராத்திரி வேலை முடித்து வந்து தூங்கும்போது ரேடியோ போடுவதை மன்னியும். கறுத்த கோழி காணாமல் போனது பற்றி எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் மன்னியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றது.

அப்பா ஒரு கண்ணைத் திறந்து, "இவ என்னா இப்பிடி கத்துறா? மெதுவா சொல்லக் கூடாதா?" என்றார்.

"புள்ள ஜெபம் பண்ணுது. ஜெபத்த நிப்பாட்டச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா. அப்பா தன் ஜெபத்தை இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அம்மா என் பாயை எடுத்து நடுச்சுவரை ஒட்டிப் போட்டாள். "கதவுகிட்ட குளிரு. இங்கன உக்காரு," என்றாள். குளிர் உண்மைதான், அந்த மாதங்களில் எங்கள் மலையில் எல்லா இடத்திலும்தான் குளிர். நான் புதிய இடத்தில் உட்கார்ந்து, நேற்று விட்டுப்போனவற்றையும் சேர்த்துக்கொண்டு ஜெபித்தேன். என் ஜெபத்துக்கு நல்ல பேர் கிடைத்தது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் விளக்கு வைக்கும் நேரம் பார்த்து எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் வேதக்காரர்கள்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

"அடியே, இது ஜெபமா, போலீசுல கம்ப்ளைன் குடுக்கிறதா? அவருக்கு நல்லது வேணும்னு கேக்கணும்டி. அவருக்கு என்னா கஷ்டம்னு தெரியுமா உனக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? எதிரியின் குற்றங்கள்தான் எனக்குப் பாடம். கஷ்டங்களை யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "முட்டி வலின்னு எந்திரிக்கிறப்ப எல்லாம் மொனங்குறாரு. அதுக்குக் கேளு," என்றாள். கேட்டேன். அதன்பிறகு தினமும் அவளிடமிருந்து எனக்குச் சரக்கு வந்துகொண்டிருந்தது. "மக வந்து பாத்து எம்புட்டு நாளாச்சு, அதுக்குக் கேளு." "நேத்தும் இன்னைக்கும் தாளிச்ச வாசமே வரல, வெறும் சோறுதான் போல. நல்ல சாப்பாடு கெடைக்கணும்னு கேளு."

பேசாத ஆளைப் பற்றி அம்மாவுக்கு இவ்வளவு தெரிந்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எதிரியை வேவு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல சாப்பாட்டுக்கு ஜெபித்த மறுநாள், அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலும் வைத்து, நீலப் பூப் போட்ட பீங்கான் கிண்ணத்தில் மூடி என் கையில் கொடுத்தாள். "அந்த அக்கா ஏதோ நன்ம செய்யச் சொன்னாள்ல? கொண்டு போய் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத." பெரியப்பா கதவைத் திறந்து என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு குடுத்தா?" என்றார். "அம்மா குடுக்கல," என்றேன். அவர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கிண்ணம் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குசினியை இடித்ததைக்கூட அம்மா என்றாவது மன்னித்திருப்பாள். கிண்ணத்தை மன்னிக்க அவளால் முடியவில்லை. "திங்கத் தெரிஞ்ச மனுசனுக்கு ஏனத்த கழுவித் தரத் தெரியாதா?" என்று அடுப்போடு பேசினாள். இதையும் ஜெபத்தில் சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது ஒரு பின்னேரம் பெரிய மழை. மிலாறுக் கட்டு நனைந்துவிட்டது. அப்பா பெக்டரியிலிருந்து வரவில்லை. அம்மா ஈர மிலாறை வைத்து ஊதினாள். புகை மேலே போக வழியில்லாமல் கூரையில் முட்டிக் காம்பரா முழுக்க இறங்கியது. கதவைத் திறந்தால் மழை உள்ளே அடித்தது. அம்மா இருமத் தொடங்கி, இருமல் இழுப்பாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. தெரிந்தது ஒன்றுதான். பாயில் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, அம்மா சாகக் கூடாது," என்று கத்தினேன். "பெரியப்பா குசினிய இடிக்கச் சொல்லாம இருந்தா அம்மாவுக்கு இப்பிடி வந்திருக்காது. இருந்தாலும் அவர மன்னியும். அம்மாவ மட்டும் எடுத்துறாதீங்க."

மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்த இருட்டு வழியாக, ஒரு குரல் வந்தது.

"ஆமென்."

அது பெரியப்பாவின் குரல். அந்த மூச்சுத் திணறலிலும் அம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். அதற்குள் எங்கள் கதவு திறந்தது. பெரியப்பா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, எரிகிற மிலாறை வாளித் தண்ணீரில் முக்கி வெளியே எறிந்தார். அம்மாவைக் கைத்தாங்கலாக இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். "முதுக நீவி விடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த முட்டியோடு, அந்த மழையில், சந்திக்கு ஓடினார். திரும்பி வரும்போது த்ரீவீலர் ஒன்றில் வந்தார்.

பசறை ஆஸ்பத்திரியில் அம்மாவின் முகத்தில் ஒரு மூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். புகையால் வந்த வியாதிக்குப் புகையிலேயே மருந்து என்பது எனக்கு விளங்கவில்லை, ஆனால் அம்மாவின் நெஞ்சு மெல்ல மெல்ல அடங்கியதைக் கதவு வழியாகப் பார்த்தேன். இனிப் பயமில்லை என்று நர்ஸ் மிஸ் சொன்ன பிறகுதான் அழுதேன். பெரியப்பா வெளியே போய் எனக்கு ஒரு பணிஸ் வாங்கி வந்தார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாயில் பணிஸை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பெரியப்பா, எங்க குசினிய ஏன் இடிக்கச் சொன்னீங்க? காரணத்த மட்டும் நான் ஆண்டவருக்குச் சொல்லல. தெரிஞ்சா சேத்துச் சொல்லிருவேன்."

அவர் தன் ஈரக் கால்களைப் பார்த்தபடி இருந்தார். "உங்க பெரியம்மா அப்ப படுத்த படுக்கையா கெடந்தா. மழ பேஞ்சா உங்க குசினித் தகரத்து தண்ணி பூரா எங்க செவத்துல எறங்கி, அவ கட்டிலுக்குக் கீழ வந்து நிக்கும். நானும் துணியப் போட்டுப் போட்டு ஒத்தி எடுத்தேன். ஒரு நா அவ குளுருல நடுங்குனா. பாக்க முடியல. கோவத்துல நேரா ஆபீசுக்குப் போயிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் பெரியப்பா.

மறுநாள் மாலை அம்மா தெம்பாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் இருந்தார். நான் என் பாயில் உட்கார்ந்து, பெரியப்பா த்ரீவீலர் கொண்டு வந்ததற்கும் பணிஸ் வாங்கித் தந்ததற்கும் நன்றி சொன்னேன். பிறகு விட்டுப்போன கணக்கைச் சேர்த்தேன்.

"பெரியம்மா படுத்துக் கெடந்தப்ப எங்க குசினித் தண்ணி அவங்க கட்டிலுக்குக் கீழ போயி, அவங்க குளுருல நடுங்குனாங்க ஆண்டவரே. அதுக்கு அம்மாவையும் மன்னியும்."

ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. அப்பா இரண்டு கண்ணையும் திறந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பெரியம்மாவின் சாவுக்கு அவள் போயிருந்தாள். ஆனால் கோபத்தில் வாசலிலேயே நின்று அழுதுவிட்டு வந்துவிட்டாள், உள்ளே கால் வைக்கவில்லை. உள்ளே போயிருந்தால் சுவரிலிருந்த தண்ணீர்க் கறையைப் பார்த்திருப்பாள். இப்போது எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, நேராகப் பெரியப்பாவின் வாசலுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அத ஏன் நீங்க அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?" என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"சொன்னா கேக்குற மாதிரியா புள்ள நின்ன நீ? ஆபீஸ் ஆளுங்க தகரத்தத் தூக்குறப்ப கையில அருவாவோட நின்ன."

"அது காய் நறுக்குற கத்தி!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? தூரத்துல இருந்துதான பாத்தேன்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "அக்கா குளுருல நடுங்குனாளா?" என்று கேட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியப்பாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மன்னித்துவிடு என்று அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அந்தக் கிண்ணத்தக் குடுங்க," என்றாள்.

கிண்ணம் கழுவித் துடைத்து அவருடைய அலமாரியில், பெரியம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்ததாகச் சொன்னார்.

பெரியப்பாவின் காம்பரா லயத்தின் கடைசி. அதனால் பக்கவாட்டில் தோட்டமே கட்டிக் கொடுத்த குசினி ஒன்று அவருக்கு இருந்தது. ஜன்னலும் புகைக்கூடும் வைத்த நல்ல குசினி. "ஒத்த ஆளுக்கு எதுக்கு அது? நீ இங்க வந்து ஆக்கு," என்றார். அம்மா உடனே சம்மதிக்கவில்லை. "அப்ப நீங்களும் எங்ககூடத்தான் சாப்புடணும். தனியா உப்புல்லாம ஆக்கித் திங்கிறதா இருந்தா நான் வரல," என்றாள். அந்த ஈஸ்டருக்கு ஆட்டிறைச்சிக் குழம்பு அந்தக் குசினியில்தான் கொதித்தது. லயத்துப் படியில் கால் வைத்த பிறகும் அப்பா "அண்ணே" என்றார். முதல் தடவை சொல்லும்போது பழக்கமில்லாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எனக்குத்தான் நஷ்டம். ஈஸ்டருக்கு முன்னாலேயே என் எதிரி கையைவிட்டுப் போய்விட்டார். அக்காவிடம் போய், மீதி நாளுக்கு அந்த உர ஸ்டோர் நாயை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு குடும்பத்தையே ஜெபத்தால் சேர்த்து வைத்த பிள்ளை என்று போதகர்கூடச் சபையில் சொன்னார். அந்தப் பெருமையை நான் வெகு காலம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெரியப்பா இப்போது பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தொட்டுவிட்டார், முட்டி இன்னும் வலிக்கிறது. அம்மா மாதத்தில் ஒரு தடவையாவது ரொட்டியும் சம்பலும் கட்டி, அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறாள். ஏனங்கள் திரும்பி வருவதில்லை என்று இன்றைக்கும் திட்டுகிறாள்.

நான் இருப்பது பதுளை டவுனில். எங்கள் வீட்டுச் சுவர்கள் எல்லாம் கூரை வரைக்கும் போகின்றன. போன லெந்தில் ஒரு மாலை, என் மகள் அறைக்குள் உட்கார்ந்து, வகுப்பில் தன்னோடு சண்டை போட்ட ஒரு பிள்ளைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையிலிருந்து, "சத்தமா சொல்லும்மா, கேக்கல," என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஆண்டவர்கிட்டதானேம்மா சொல்றேன். உங்களுக்கு எதுக்குக் கேக்கணும்?"

நான் அடுப்பைக் குறைத்தேன். நடுச்சுவரை ஒட்டி அம்மா போட்ட அந்தப் பாய் நினைவுக்கு வந்தது. அந்த வாரங்களில் அம்மா தன் முறை வரும்போது மட்டும் வாய்க்குள்ளேயே ஜெபித்ததும் நினைவுக்கு வந்தது. இழுப்பினால் சத்தம் வரவில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். முட்டி வலிக்கும் தாளிக்காத சோற்றுக்கும் அவள் எனக்கு வரி எடுத்துக் கொடுத்தாள். நான் அதைச் சுவருக்கு மேலே அனுப்பினேன். ஆண்டவருக்கு மட்டும் சொல்வதென்றால் கதவோரத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். அங்கே ஒன்றும் அவ்வளவு குளிரவில்லை.